சோப்பு மணம்

என் அன்பானவளுக்கு,

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. மிச்சம் வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி இல்லாவிட்டால் நான் புகைப்பதை விட்டிருக்கவே மாட்டேன். ஆசை வந்ததும் அவனைக் கூப்பிடுவேன். "தண்ணியக் குடிச்சிட்டு எங்கிட்டப் பேசிட்டே இரு மாமா" என்பான். அவனுக்கு வந்தால் நான் பேசுவேன். தினமும் தொழிற்சாலை வாசலில் ஒருவர் விரலை ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம். காவலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

இன்று அவன் விரலில் சோப்பு மணம். பெயிண்ட் கறையோடு சோறு தின்கிறவன் அவன்.

"என்னடா மாப்ள, புதுசா கையெல்லாம் கழுவுற?"

"சும்மாதான் மாமா." சிரித்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலாளரிடம் சொன்னால் அவன் வேலை போய்விடும். அப்புறம் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இப்போது அவன் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வைத்திருக்கும் அறையில் தனியாக இருக்கிறான். அங்கே ஒரு பொறி போதும். இடைவேளை முடியும்வரை காத்திருக்க மனம் வரவில்லை, இதோ போகிறேன்.

செல்போனை வாசலிலேயே வாங்கிவிடுவதால், இதைக் காவலாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். தொழிற்சாலைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பாப்பாவோடு உன் அம்மா வீட்டுக்குப் போ. ஒன்றுமில்லை, வெயில் அதிகம்.

புகைப்பதை விட்ட அன்று பெரிய கெட்டிக்காரர்கள் போல ஒரு காரியம் செய்தோம். அவரவர் லைட்டர் அவரவரிடம் இருந்தால்தானே வம்பு என்று மாற்றிக்கொண்டோம். அவனுடையது என் சட்டைப்பையில் இருக்கிறது.

நீ ஆசையாக வாங்கித் தந்தது அவனிடம் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்