டிக் டிக் மறைகிற பாட்டு

இன்று காலை கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாயை உதறி விரித்தேன். பழைய மழையும் ரப்பரும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை முகத்தில் அடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. மேற்கே கல்லணைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மூட்டை பிடிக்கிற ஆட்கள் வரவில்லை. என் நெல்லுக்கு முன்னால் இன்னும் ஆறு குவியல். பயப்பட இத்தனை காரணம் இருக்க, நான் உன் உள்ளங்கையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் பயத்துக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து வயல். என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனதும் குத்தகை நிலத்தை நானே பார்க்க ஆரம்பித்தேன். நாற்றங்கால் முதல் அறுப்பு வரை நீதான் துணை. ஒரு சம்பா நடவின்போது வரப்பில் ஏற முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்தாய். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். சென்னையில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்து அனுப்பினார்கள்.

நீ ஊருக்குத் திரும்பிய அன்று உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ கடிகாரம் ஓடும் சத்தம். சுவரைச் சுற்றிப் பார்த்தேன்.

"என்ன தேடுற? நாந்தான்டி அது," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். "வாட்ச்ச முழுங்கின மாதிரி இருக்கு. வாயத் தொறந்தா இன்னும் நல்லாக் கேக்கும், பாக்குறியா?"

வாயைத் திறந்தாய். டிக், டிக், டிக். நீ சிரித்தாய். நான் அடுத்த டிக்குக்குக் காத்திருந்தேன்.

அன்றிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த டிக் டிக்கை ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பேசிக்கொண்டே எண்ணுவேன். ஒன்று சற்றுத் தாமதித்தால் என் மூச்சும் நிற்கும். ரத்தம் உறையாமலிருக்க நீ தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், மாதம் ஒருமுறை தஞ்சாவூரில் ரத்தம் பார்க்க வேண்டும். நான்தான் கூட வருவேன். பஸ் இரைச்சலில் உன் டிக் டிக் கேட்காது. கண்டியூர் தாண்டும் வரை ஓரக்கண்ணால் உன் கழுத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். உனக்கு அது தெரிந்திருக்கும்.

உனக்கும் பயம் இருந்தது. வெகு நாள் கழித்துத்தான் சொன்னாய். படுத்தால் தலையணை வழியாக அந்தச் சத்தம் காதுக்குள் ஏறுகிறது, மாதா பாட்டு போட்டாலும் சினிமாப் பாட்டு போட்டாலும் இடைவெளியில் எட்டிப் பார்க்கிறது என்றாய். "எப்ப நிக்கும்னு காத்துக்கிட்டே படுத்திருக்கேன்டி."

அப்படித் தூக்கமில்லாமல் போனைத் துழாவியபோதுதான் அது கிடைத்தது. சின்ன வயதில் உன் அண்ணன் மஞ்சள் கேசட் போட்டு டிவியில் வீடியோ கேம் ஆடுவான். உனக்கு ஆடக் கொடுத்ததே இல்லை. சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே சத்தத்தை மட்டும் கேட்டவள் நீ. பொம்மை குதிப்பது, காசு எடுப்பது, செத்து விழுவது எல்லாம் காதாலேயே உனக்குப் பாடம். அந்தப் பாட்டைத் தேடப் போய், பழைய விளையாட்டுப் பெட்டிகளின் அதே கீச்சுக் குரலில் இன்றைக்கும் புதிதாக இசை செய்கிறவர்கள் உலகமெங்கும் இருப்பதைக் கண்டுபிடித்தாய்.

"சிப்டியூன்னு பேராம்டி. அந்தப் பெட்டிக்கு நாலஞ்சு குரல்தான் வரும். ரெண்டு பாடும், ஒண்ணு அடியில ரீங்காரமா நிக்கும், ஒண்ணு கடுகு வெடிக்கும். அத வச்சே அழ வைக்கிறானுவ." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "இதுல மட்டும் என் டிக் டிக் தனியாத் தெரியல. தாளத்தோட தாளமா ஒக்காந்துக்குது."

அதற்குப் பிறகு ஊரில் யாரையும் நீ விட்டுவைக்கவில்லை. அறுவடை மிஷின் ஓட்டுகிறவருக்கு வேகமான ஒன்று. ரத்தம் எடுக்கிற லேப் பெண்ணுக்கு, "ஊசி குத்துறப்ப மெதுவா ஓட விடும்மா" என்று ஒன்று. பங்குச் சாமியாரிடமே போனை நீட்டினாய்: "சாமி, வார்த்தையே இல்ல, தைரியமாக் கேக்கலாம்." உன் வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரை அதைக் கொசுப் பாட்டு என்றே சொன்னார்.

எனக்குத் தினம் ஒன்று வரும். ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. மழை வருமா, ஆற்றில் தண்ணீர் விடுவார்களா, உனக்கு இந்த மாத ரத்தச் சோதனை எப்படி வரும், இதிலேயே என் காது நிறைந்திருந்தது. கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவைப்பேன்.

"நாலு நிமிஷப் பாட்டுக்கு ரெண்டு செகண்ட்ல கட்டவெரல் வருதே, எப்புடிடி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாய். நான் கோபித்துக்கொண்டது போல நடித்துத் தப்பித்தேன்.

அதையடுத்து வந்த குறுவை அறுப்பு அது. இதே கொள்முதல் நிலையம். மூன்று நாளாக என் நெல் காத்துக் கிடந்தது. மத்தியானம் திடீரென்று காற்று மாறி, பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்தது. எல்லோரும் அவரவர் குவியலுக்கு ஓடினார்கள். நீ சோறு கொண்டு வந்திருந்தாய். "நீ வராத, உக்காரு!" என்று கத்தினேன். அதற்குள் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். தகரக் கொட்டகையின் விளிம்பு உன் உள்ளங்கையைக் கிழித்தது.

சின்ன வெட்டுதான். எனக்கு வந்திருந்தால் மஞ்சள் வைத்து அமுக்கி வேலையைப் பார்த்திருப்பேன். உன் கையில் அது நிற்கவில்லை. என் துண்டு சிவந்தது, உன் முந்தானை சிவந்தது.

"ஒன் நெல்லு பாதி தொறந்து கெடக்குடி."

"கெடக்கட்டும். வா."

மூட்டை ஏற்ற நின்ற குட்டியானை வண்டி ஒன்றில் உன்னை ஏற்றினேன். டிரைவர் எதுவும் கேட்காமல் கிளப்பினார். உன் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தேன். நடுக்காவேரிக்கு முன்னால் ஓர் அறுவடை மிஷின் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஹாரன் அடித்தும் ஒதுங்க அதற்கு இடமில்லை. என் காது உன் தோளோடு ஒட்டியிருந்தது; உன் டிக் டிக் அவ்வளவு வேகமாக ஓடி நான் கேட்டதில்லை. எண்ணினேன். எண்ண எண்ண என் கை நடுங்கி, அமுக்கியது நழுவியது.

நல்ல கையால் பையைத் துழாவி இயர்போனை எடுத்து என் காதில் செருகினாய்.

"என்னடி பண்ற? ரத்தம் போயிக்கிட்டிருக்கு!"

"எனக்கு இல்ல, ஒனக்கு. ஒன் கை நடுங்குனா என் கைய யாரு அமுக்குவா? எண்ணாத. கேளு."

ஒற்றைக் குரல் ஒன்று படியேறுவது போல ஏறியது. நாலாம் படியில் இன்னொரு குரல் வந்து சேர்ந்துகொண்டது. கடுகு வெடித்தது. வேகமான பாட்டுதான், ஆனால் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அந்த அடிக்கு அடி நான் அமுக்கினேன். பாட்டு முடிந்து திரும்பத் தொடங்கியபோது மிஷின் வயலுக்குள் இறங்கும் ஒரு பாதையில் ஒதுங்கி வழி விட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரை உன் கை என் கைக்குள்ளிருந்து நழுவவில்லை.

தையல் போட்டு இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். என் நெல் பாதி நனைந்து முளை கட்டியிருந்தது. தார்ச் சாலையில் கொட்டி ஒரு வாரம் காய வைத்தோம். நீ கட்டுப் போட்ட கையோடு குடைக்குக் கீழே உட்கார்ந்து, பழைய பாட்டையெல்லாம் வரிசையாகப் போட்டு, "இப்ப கட்டவெரல் காட்டு பாப்போம்" என்றாய். அந்த வாரம்தான் நான் எல்லாவற்றையும் கேட்டேன். சிலது பிடிக்கவில்லை என்றேன். நீ சண்டைக்கு வந்தாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த மார்கழியில் ஒரு காலை தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழவில்லை. தலைக்குள் கசிந்த ரத்தத்தை அமுக்க யாருக்கும் கை எட்டவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விடவில்லை. உன் காதில் ஒன்றைப் போட்டுவிடச் சொல்லி நர்ஸிடம் கேட்கலாமா என்று மூன்று நாளும் நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்தபோது உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"எட்டு வருஷமா அந்த டிக் டிக் கேட்டுத்தான் தூங்கினேன். இப்ப வீட்ல சத்தமே இல்ல. கண்ண மூட முடியல. அவ கேப்பாளே, கொசுப் பாட்டு... அதுல ஏதாவது இருந்தா சொல்லும்மா."

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். நீ அனுப்பியவற்றை அவருக்குக் கொடுக்கப் பயமாக இருந்தது. அவற்றில் உன் டிக் டிக் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருக்கும். எனக்கே அந்த வெறுமை கேட்கும்போது அவருக்குக் கேட்காதா? அதனால் நீ கேட்டிராத புதியவற்றைத் தேடினேன். இரண்டு மத்தியானம் கேட்டு மூன்றைப் பொறுக்கி அனுப்பினேன். அனுப்பிய பிறகு வேறு பயம்: தப்பாகப் பொறுக்கியிருந்தால்? அந்த மனிதரை இன்னும் வதைத்துவிட்டால்? நாலு நாள் பதில் இல்லை. நாலு நாளும் போனை வரப்பில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் களை எடுத்தேன். ஐந்தாம் நாள் போனில் அவர் குரல் பதிவு வந்தது:

"மூணாவது தேவலாம்மா. கொஞ்சம் தூங்கினேன். வேற இருந்தா அனுப்பு."

அதிலிருந்து வாரம் ஒன்று அனுப்புகிறேன். என் பயம் குறைந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நல்லதாக ஒன்று காதில் விழும்போது, அது முடியும்வரை நான் எதையும் எண்ணுவதில்லை. முடிந்ததும் போனில் விரல் முதலில் உன் பெயருக்குத்தான் போகிறது. சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு, கீழே இறங்கி, அவருக்கு அனுப்புகிறேன்.