எடுத்துப்போடு

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து உட்காருவதற்குள் அரிசி வெந்துவிடும். அளந்து பார்த்தே சொல்கிறேன். காலையில் அம்மா பட்டனை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குக்கர் வைப்பாள். மூன்றாவது விசிலுக்குத்தான் திரையில் ஏதாவது தெரியும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் இன்னொரு விசில். ஊரில் இதற்கு ‘பூட்’ ஆகிறது என்று பெயர். நம் வீட்டில் அது ஆவதே இல்லை, பூட்டித்தான் கிடக்கிறது.

அம்மாவுக்கு அது பொழுதுபோக்குச் சாமான் இல்லை. ஜாக்கெட்டுக்கான எம்ப்ராய்டரி டிசைன்களை அதில்தான் வரைவாள். வரைந்ததைப் பென் டிரைவில் ஏற்றி, முன்னறையில் நிற்கும் மெஷினில் செருகினால் போதும், அது பாட்டுக்குக் குத்தித் தள்ளும். துடியலூரில் பாதிக் கல்யாணப் பெண்களின் முதுகில் இருப்பது என் அம்மாவின் மயில்தான்.

இன்று என் கைவரிசை. திரையை அப்படியே படம் எடுத்து, அதையே பின்னணியாகப் போட்டு, நிஜ ஐகான்களை மறைத்து வைத்தேன். அம்மா அமுக்குகிறாள், அமுக்குகிறாள், ஒன்றும் திறக்கவில்லை. நடுவில் ஒரு கட்டம்: “உங்கள் டிசைன்கள் அனைத்தையும் எலி தின்றுவிட்டது.”

அம்மா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“அங்க இல்லீங்கம்மா. உங்க கையில இருக்குது.”

மவுஸைப் பார்த்தாள். அதாலேயே என் தலையில் ஒரு தட்டு. அப்பா சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. கடைசியில் அம்மாவும் சிரித்தாள்.

குனிவதற்கு முன் அவள் முகம் போன போக்கு மட்டும் — சரி, அதை எழுதவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பெரிய செய்தி. பீளமேட்டில் ஒரு ஆடை கம்பெனியில் டிசைன் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். யாரோ வாடிக்கையாளர் சொல்லி, அம்மாவே போன் பண்ணிப் பேசியிருக்கிறாள். அடுத்த மாதம் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். இதுவரை செய்த டிசைன் ஃபைல்கள் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டுமாம்.

“ஏனுங்க, என்னையப் போயி கூப்புடறாங்க பாருங்க” என்று அப்பாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அம்மா வேலைக்கென்று வாசல் தாண்டியதில்லை. இன்று எந்தப் புடவை என்பது வரை முடிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

பெரியப்பா மகன் மனோஜ் அண்ணன் வந்தான். இன்ஜினியரிங் படிக்கிறான், அதனால் வீட்டில் மிக்ஸி கெட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய லேப்டாப்பில் பெரிய எஸ்.எஸ்.டி. மாற்றிவிட்டானாம், பழையதை எனக்குக் கொடுத்தான். பார்க்க பிஸ்கட் மாதிரி இருக்கிறது. இதைப் போட்டால் கம்ப்யூட்டர் பறக்குமாம்.

“எஸ்.எஸ். டீயா? எந்தக் கடை டீ?” என்றார் அப்பா. எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

“இது சுத்தாத டிஸ்க்குங்கப்பா. பழசுக்குள்ள தட்டு சுத்திச் சுத்தித் தேடும். இது சும்மா உக்காந்த எடத்துலயே எடுத்துக் குடுத்துரும்.”

“உன்னைய மாதிரி.”

“பாதிதானுங்க. நான் சும்மா உக்காந்திருப்பேன், எடுத்துக் குடுக்க மாட்டேன்.”

எப்படி மாட்டுவது, விண்டோஸை எப்படி ஏற்றுவது என்று அண்ணன் காட்டிக்கொடுத்தான். பழைய டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம், துடைத்துவிட்டு கேம் ஏற்றிக்கொள்ளலாம் என்றான். ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய கேமும் கொடுத்தான். என் அண்ணனுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு.

செப்டம்பர் 1, ஞாயிறு

முடித்துவிட்டேன்!

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம், அப்பாவும் அம்மாவும் நேற்றே போய்விட்டார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று நான் நின்றுகொண்டேன். அம்மா வரும்போது கம்ப்யூட்டர் தயாராக இருக்க வேண்டும் என்பது திட்டம்.

பட்டனை அமுக்கி விரலை எடுப்பதற்குள் திரை வந்து நிற்கிறது. குக்கருக்கு இனி இந்த வீட்டில் ஒரே வேலைதான்.

அம்மா இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தாள். ஒன்று ‘புதுசு’, இன்னொன்று ‘பழசு’. புதுசில் இப்போது ஓடும் ஆர்டர்கள், நாலே ஃபைல். அதை முதலில் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். பழசு பெரிய மூட்டை, காப்பி போட்டால் பொழுது சாய்ந்துவிடும். பழசெல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கறதாலதான் மெதுவா வருது என்று அவளே எத்தனை முறை புலம்பியிருக்கிறாள். இருந்தாலும் போன் பண்ணிக் கேட்டேன். பின்னால் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

“பழசை என்னங்கம்மா பண்ணட்டும்?”

“என்ன கண்ணு? கேக்கல.”

“பழசு! பழசு ஃபோல்டரு!”

“அதைய எடுத்துப்போடு. எல்லாத்தையும் எடுத்துப்போட்டுரு கண்ணு. தாலி கட்டறாங்க, வெக்கறேன்.”

எடுத்துப்போட்டேன். பழைய டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, அண்ணன் கொடுத்த கேம் எல்லாவற்றையும் ஏற்றினேன். விளிம்பு வரை நிறைந்துவிட்டது.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் அம்மா பட்டனை அமுக்கிவிட்டு வழக்கம்போல அடுப்படிக்குத் திரும்பினாள். “போகாதீங்க, இங்க பாருங்க” என்றேன். பார்த்தாள். “அட சாமி” என்றாள். என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். அப்பாவைக் கூப்பிட்டு, அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பழசு எங்க கண்ணு?”

“நீங்கதானுங்களே எடுத்துப்போடச் சொன்னீங்க.”

“ஆமா. எங்க எடுத்துப்போட்டே?”

“எங்கேன்னா? எடுத்துப்போட்டேனுங்கம்மா.”

“அதைத்தான் கேக்கறேன். எடுத்து எங்க போட்டே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்து, போடு. எடுத்துப்போடு. அவள் சொன்னது பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்துப் புதியதில் போடச் சொல்லி. நான் கேட்டது — எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் செஞ்சுபோட்டேன், தின்னுபோட்டேன் என்பார்களே — அந்தப் ‘போட்டு’. தொலைச்சுக்கட்டு என்று சொன்னதாகக் கேட்டேன்.

“அழிச்சுப்போட்டேனுங்கம்மா” என்றேன்.

அம்மா சிரித்தாள். மவுஸைத் தூக்கி அடியில் பார்த்தாள். “இன்னிக்கு இது எத்தனை தின்னுச்சு?”

“இல்லீங்கம்மா. நெசமா.”

“சரி சரி, நான் பயந்துட்டேன். போதுமா? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, திருப்பி வெச்சுரு.”

அப்பாவும் கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருந்தார்கள். நான் எத்தனை தடவை நெசம் என்று சொன்னேனோ தெரியவில்லை. சொல்லச் சொல்ல அது இன்னும் நல்ல விளையாட்டாகிக்கொண்டே போனது. கடைசியில் அழுதேன். “அழுகைகூட நல்லா வருது” என்றார் அப்பா.

அம்மாதான் முதலில் நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். இன்று குக்கர் வைக்கவே இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

திட்டவே இல்லை. திட்டிப்போடுங்களேன்மா.

செப்டம்பர் 4, புதன்

பென் டிரைவில் தேடினோம். அதில் கடைசியாகத் தைத்த ஒரே ஒரு மாங்காய் டிசைன். ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துவிட்டுத்தான் அம்மா அடுத்ததை ஏற்றுவாள். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று.

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் மனோஜ் அண்ணனும் காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“அழிச்சதோட நிறுத்தியிருந்தா எடுத்திருக்கலாம் பாப்பா. அதும்மேலயே கேம் ஏத்தி வெச்சிருக்கியே. வெச்சுட்டுப் போ, கெடைச்ச வரைக்கும் எடுத்துப் பாக்கறேன்.”

பஸ்ஸில் நான்தான் சொன்னேன், “அந்த கேமுல ஒண்ணைக்கூட நான் இன்னும் வெளையாடலைண்ணா.” ஏன் அதைச் சொன்னேன்?

செப்டம்பர் 7, சனி

கடைக்காரர் மீட்டது வந்தது. பெயரில்லாத ஒரு குப்பை. பெரும்பாலும் திறக்கவில்லை. திறந்தவற்றில் ஒன்று மயில். தலை, கழுத்து, மார்பு வரை இருக்கிறது. தோகை இல்லை.

அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இதுல தோகைதான் வேலையே” என்றாள். என்னிடம் சொல்லவில்லை. திரையிடம் சொன்னாள்.

செப்டம்பர் 14, சனி

ஃபைல் போனால் என்ன, தைத்த ஜாக்கெட்டுகள் ஊரெல்லாம் இருக்கின்றனவே என்று தோன்றியது. ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் விட்டதும் வீடு வீடாகப் போய் இரவல் கேட்கிறேன். கம்பெனியில் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று.

எங்கள் தெரு அம்புஜம் அத்தை கேட்டைத் திறக்கவே யோசித்தார். காரணம் இருக்கிறது. போன வருடம் கேஸ் சிலிண்டர்காரர் குரலில் போன் பண்ணி அவரைத் தெருமுனை வரை ஓட வைத்தவள் நான்.

“இது என்ன புது வெளையாட்டு அம்மணி?”

“வெளையாட்டு இல்லீங்க அத்தை. நெசந்தானுங்க.”

“நீ நெசம்னு சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்குது. இரு, புவனாவையே கேக்கறேன்.”

என் முன்னாலேயே அம்மாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. “ஆமாங்க. நெசந்தானுங்க. பழசெல்லாம் போயிருச்சுங்க.”

அத்தை பீரோவிலிருந்து பட்டு ஜாக்கெட்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் என் கையில் வைத்தார். எல்லா வீட்டிலும் இதே கதைதான். சிரிப்பு, போன், அப்புறம் பீரோ திறக்கும் சத்தம். என் ஒரு தப்பை ஊரே அம்மாவின் வாயால் உறுதி செய்துகொண்டது.

செப்டம்பர் 19, வியாழன்

அம்மா பீளமேடு போய்விட்டு வந்தாள். ஏற்கெனவே முடிவு செய்த அதே புடவை. ஜாக்கெட் பையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. நல்லா இருக்குன்னாங்க. இந்த ஜாக்கெட்டுக்கெல்லாம் ஃபைல் கேட்டாங்க.”

“நீங்க என்னங்கம்மா சொன்னீங்க?”

“கம்ப்யூட்டரு பழசு, அதுவா போயிருச்சுன்னு சொல்லிப்—”

நிறுத்தினாள்.

“சொல்லிட்டேன்” என்றாள்.

அதுவாகப் போயிருச்சு. கம்ப்யூட்டர்மீது பழியைப் போட்டு என்னை வெளியே விட்டுவிட்டாள். ஆனால் நான் யோசித்துக்கொண்டிருப்பது அதையல்ல. அந்த நிறுத்தத்தை.

செப்டம்பர் 22, ஞாயிறு

நான் நினைத்தது சரி. காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவிடம்: “ஏனுங்க, கேட்டைச் சாத்திப்போட்டு வாங்க.”

என்னிடம்: “கேட்டைச் சாத்திட்டு வா.”

அப்பாவிடம்: “தின்னுபோட்டுத் தட்டை அங்கயே வெச்சுட்டீங்களா?”

என்னிடம்: “சாப்பிட்டுட்டுப் படி.”

என்னோடு பேசும்போது மட்டும் அந்தப் ‘போட்டு’வைத் தாண்டிப் போகிறாள், தரையில் கிடக்கும் கண்ணாடித் துண்டைத் தாண்டுவதுபோல. வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். அம்மா புடவையை இஸ்திரி போட்டு உள்ளே வைத்தாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

தீபாவளி ஆர்டர்கள். பழைய டிசைனைக் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா முதலிலிருந்து வரைகிறாள். அந்த மயிலின் தோகை மட்டும் பிடிபடவில்லை. “அன்னிக்குக் கை எப்படிப் போச்சோ” என்கிறாள், அழிக்கிறாள், மறுபடி போடுகிறாள். தைத்த ஜாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாலும் அதே வளைவு வரவில்லை.

இன்னும் பட்டனை அமுக்கிவிட்டு அடுப்படிக்குத்தான் போகிறாள். அது உடனே வந்துவிடுகிறது. அவள் வேலையெல்லாம் முடித்துக் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள், காத்திருந்து பார்த்துவிட்டுத் திரை அணைந்துபோகிறது. இவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்னதான் செய்கிறோம்?

அப்பா இன்று கேட்டார், “என்ன அம்மணி, எலி செத்துப்போச்சா? வீடே அமைதியா இருக்குது.” பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மயில் முடிந்தது. பழைய தோகை இல்லை. அதை அம்மா விட்டுவிட்டாள். இது கொஞ்சம் தாழ்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது, மழையில் நனைந்த மாதிரி. அதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆசை. அது பொய். வேறு மாதிரி இருக்கிறது.

“இதைய இன்னொரு எடத்துலயும் வை” என்றாள். பென் டிரைவில் ஒன்று, மனோஜ் அண்ணன் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. கேம் எல்லாம் என்றைக்கோ அழித்தாயிற்று. இரண்டையும் அவள் கண் முன்னாலேயே திறந்து காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். நான் அந்த மயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுப்படியில் குக்கர் இறங்கும் சத்தம். தட்டு வைக்கும் சத்தம்.

“ஆஃப் பண்ணிப்போட்டு வா கண்ணு. சோறு ஆறுது.”

நான் அசையவில்லை. நன்றாகத்தான் கேட்டது. இருந்தாலும் கேட்காத மாதிரி, “என்னங்கம்மா?” என்றேன்.

“காது அடைச்சுப்போச்சா? ஆஃப் பண்ணிப்போட்டு வான்னேன்.”

ஆஃப் பண்ணிப்போட்டுப் போனேன்.