கொழுந்துக் கறை

ஜனவரி 9, செவ்வாய்

நிலக்ஷியின் கை இன்றும் நீலம். புள்ளக் காம்பராவில் விடும்போது பார்த்தேன், விரல் நுனியெல்லாம் ஊதா. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சண்முகவடிவு அக்கா சிரித்தார். "இந்தக் குளிருக்கு எல்லாப் புள்ளைக்கும் அப்பிடித்தாம்மா இருக்கும். ஒம் புள்ளைக்கு மட்டும் தனியா பனி பெய்யுதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு மாதப் பிள்ளை. இதயத்தில் ஓட்டை கீட்டை இருந்தால்? ஹட்டன் பஸ்ஸில் நின்றபடியே இதயத்தின் நாலு அறையையும் மனதில் வரைந்துகொண்டு போனேன். ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் பயிற்சி என்று சேர்ந்து நான் படிப்பதெல்லாம், என் பிள்ளையைப் பார்த்துப் பயப்படத்தானா?

ஜனவரி 11, வியாழன்

உடற்கூற்றியல் சோதனை. நாக்கு கீழ்த்தாடையோடு பிணைந்த தசை. மயக்கத்தில் தளர்ந்து பின்னால் விழுந்தால் மூச்சுப் பாதை அடைபடும். தாடையை முன்னால் தூக்கினால் நாக்கும் கூடவே வரும். படத்தோடு எழுதினேன். முழு மார்க். இந்த மாத முடிவில் பொறுப்பு நர்ஸ் நிரூபா மிஸி சொல்லுவார், என்னைத் தியேட்டரில் வைப்பதா, வார்ட்டுக்கு அனுப்புவதா என்று. தியேட்டர்தான் வேண்டும் எனக்கு. வேறெதையும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

ஜனவரி 12, வெள்ளி

எழுதினாலாவது தூக்கம் வருமா பார்க்கிறேன்.

அம்மாக்கண்ணு என்று ஓர் அம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். பித்தப்பைக் கல் ஆபரேஷன், நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியும் அறையில் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். குறட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டையும் நின்றது. அப்பாடா, அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன் — பிள்ளையைத் தூங்கவைக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்.

விரலில் மாட்டியிருந்த ஒட்சிசன் கருவி எண்பத்தெட்டு காட்டிக் கத்தியது. விரலைப் பார்த்தேன். கறுப்பு. எங்கம்மா விரல் மாதிரியே. கொழுந்துக் கறை. எனக்குத் தெரியாததா? கறையில் கருவி பிழையாகக் காட்டுது என்று ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தேன். அடுத்த விரலில் மாட்டினேன். இன்னும் குறைவு. அதையும் தேய்த்தேன்.

நிரூபா மிஸி ஓடி வந்து என்னை ஒதுக்கினார். இரண்டு கையாலும் தாடையை முன்னால் தூக்கினார். ஒரு பெரிய மூச்சு உள்ளே போன சத்தம் — இப்பவும் காதுல கேக்குது. ஒட்சிசன் வைத்தார். வாய்க்குள் நாக்கு ஊதாவாக இருந்தது. மெல்ல மெல்லச் சிவந்தது.

மிஸி யாழ்ப்பாணத்துக்காரர். ஏசவேயில்லை. "விரலைத் துடைச்சுக்கொண்டு நிண்டனீர். நாக்கைப் பாத்தனீரோ?"

முழு மார்க் வாங்கினவ நான்தானே? அந்த அம்மாவுக்கு ஒண்ணு ஆகியிருந்தா?

ஜனவரி 13, சனி

நானே போய் வார்ட்டுக்கு அனுப்பிடுங்க என்றேன். மிஸி கத்தரிக்கோல்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். "உமக்குத் தெரிஞ்ச விரல், அதுதான் ஏமாந்தனீர். எனக்கு அந்தக் கறையைத் தெரியாது பிள்ளை. அதால பயந்தனான். பொங்கல் முடிய வாரும்."

பிறகு விளக்கினார். குளிரில் கைகாலுக்குப் போகும் இரத்தம் மெதுவாகும், ஒட்சிசன் குறையாமலே விரல் நீலமாகும். நாக்குக்குக் குளிர் தெரியாது. நாக்கு நீலமென்றால் நிற்காதே, ஓடு.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கொட்டாவி விடும்வரை காத்திருந்து நாக்கைப் பார்த்தேன். சிவப்பு. செக்கச் சிவப்பு. அப்புறம்தான் அழுதேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நாக்கை எத்தனை தரம் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 22, திங்கள்

அம்மாக்கண்ணு தையல் பிரிக்க வந்தார். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். "நீங்க மூச்சுக்குத் தவிச்சப்ப, நான் கறைன்னு நெனச்சு வெரலத் தொடச்சுக்கிட்டு நின்னேன்மா."

அவர் கையை விரித்துக் காட்டினார். "அதான பாத்தேன். இந்த ரெண்டு வெரலு மட்டும் வெளுத்துக் கெடக்கு. லயத்து வீடுகள்ல கேலி பண்றாளுக, ஆபரேஷன் வயித்துலயா வெரல்லயான்னு." சிரித்தபோது தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். போகும்போது, நான் கேட்காமலே, வாசலில் திரும்பி நின்று நாக்கை நீட்டிக் காட்டினார். மிஸி பார்த்துவிட்டார். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜனவரி 31, புதன்

நல்ல பனி. நிலக்ஷியின் விரலெல்லாம் நீலம். நாக்கைப் பார்த்தேன், கைக்குக் கையுறை மாதிரி மேஸ் மாட்டினேன், சண்முகவடிவு அக்காவிடம் கொடுத்தேன். "என்னம்மா, இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா என்று ஓடினேன்.

மிஸி லீவில் ஊருக்குப் போயிருக்கிறார். மயக்கம் தெளியும் அறையில், அவர் சொல்லிவிட்டுப் போனபடி, நான்.