துண்டுக்குள் நீட்டிய கை

என் உயிரான அத்தாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்ததை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் வலது கையில் இரண்டு விரல் இல்லை அத்தா.

ஓசூர் கம்பெனியில் பிரஸ் மெஷினில் இருந்தேன். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால்தான் அது இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாதென்று அந்த ஏற்பாடு. ஒரு பொத்தானில் தீக்குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கையாலேயே ஓட்டலாம், தகடு வேகமாக விழும். அதிகம் அடிப்பவனைப் பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று ஷிப்டில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினோம். ஒரு நாள் அது என் கை மேலேயே இறங்கியது. கட்டு பிரிப்பதற்குள் என் இடத்தில் வேறொருவன் நின்றான்.

"மாமா மாதிரி இருந்திருந்தா கையாவது மிஞ்சியிருக்கும்" என்கிறாள் உங்கள் மருமகள் நூர்ஜகான்.

நீங்கள் எப்படி இருந்தீர்கள்? குந்தாரப்பள்ளிச் சந்தையில் உங்கள் தரகில் இரண்டு ஜோடி மாடு கைமாறியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். பெங்களூருக்கு லாரியில் மாடு ஏற்றலாம், கூட்டுச் சேருங்கள் என்று வந்து கேட்டவர்களிடம், "வயிறு நெறஞ்சிச்சில்ல, போதும்பா" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோதும் தர்மாஸ்பத்திரி மருந்தே போதும் என்றீர்கள். போதவில்லையே அத்தா. அதைப் பார்த்துத்தானே நான் ஓசூருக்கு ஓடினேன்?

வேறு வழியில்லாமல் போன வாரம் உங்கள் சந்தைக்கே தரகு பேசப் போனேன். உங்கள் துண்டைத்தான் கொண்டு போனேன். பாகலூர்க்காரர் ஒருவர் மாடு பிடிக்க வந்தார். யாருக்கும் தெரியாமல் விரலைப் பிடித்து விலை பேச, துண்டைப் போட்டு உள்ளே கையை நீட்டினேன். தொட்டதும் அவர் கை நின்றுவிட்டது.

"வுடு பாய். உன் கையப் புடிச்சா எனக்கு வெல தோணல, பாவமாத்தான் இருக்குது" என்றார்.

இடது கையை நீட்டினேன். "எடது கையில யாவாரமா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த தரகரிடம் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. உங்களிடம் யாராவது இடது கையை நீட்டியிருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மூன்று நாளாக நூர்ஜகான் கஞ்சிதான் வைக்கிறாள். போதும் என்று உட்கார்ந்திருந்தவர் வீட்டிலும் கஞ்சி, போதாதென்று ஓடியவன் வீட்டிலும் கஞ்சி. எது சரி அத்தா? இதைக் கேட்க உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வருகிற சந்தைக்கும் போகப் போகிறேன். துண்டு வேண்டாம். விலையை வாயைத் திறந்து, நாலு பேர் காதில் விழச் சொல்லப் போகிறேன். விலை வெளியே தெரிந்தால் பிழைப்பு போகுமென்று மற்ற தரகர்கள் அடிக்க வருவார்கள், நீங்கள் இருந்திருந்தால் நீங்களும்தான். வந்தால் வரட்டும், எனக்கு இந்தக் கையை இனி ஒளித்து நீட்டத் தெம்பில்லை.

அன்றைக்கு ஒரே ஒரு மாடு என் வாயால் விலைபோய், கையில் அரிசியோடு வீடு திரும்பினால், உங்கள் கபர் பக்கம் வந்து நின்று, இதுவரை என் வாயில் வராத உங்களுடைய அந்த வார்த்தையைச் சொல்கிறேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும்.

விரலைப் பிடித்து நீங்கள் சந்தைக்குக் கூட்டிப்போன
உங்கள் மகன் சலீம்