வலப்பக்க இருக்கை

ஜனவரி 11, சனி

பார்சிப்பனியில் காலையிலிருந்து பனி. பனி உருக வாசல் பாதையில் உப்புத் தூவிவிட்டு வந்து நண்பன் நஞ்சுண்டனுடன் தொலைபேசியில் பேசினேன். விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்காகவே அவன் கலிபோர்னியாவில் புதிய கணினி வாங்கியிருக்கிறான். அதில் இருவர் ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்து ஓட்டலாம். கோவையில் படித்த காலத்தில் நாங்கள் இருவரும் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தோம். எனக்குக் கண்ணாடி, அவனுக்கு உயரக் குறைவு. அத்தோடு முடிந்தது எங்கள் விமானக் கனவு.

"ரைட் சீட் உனக்குத்தான்டா, பாலு. சீக்கிரம் கம்ப்யூட்டர் வாங்கு. டல்லாஸ்காரன் ஒருத்தன் சும்மா கேட்டுக்கிட்டே இருக்கான்."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

மகள் மானஸா ஜெர்சி சிட்டியிலிருந்து வந்திருந்தாள். அவள் அம்மா அனந்தலக்ஷ்மி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போலும்.

"அப்பா, பர்த்டேக்கு கேமிங் பிசி வேணுமா, கன்சோல் போதுமா?"

"இந்த வயசுல அதெல்லாம் எதுக்கும்மா?"

"ஆர் யூ ஷ்யூர்? பிசி வேண்டாமா?"

"வேண்டாம்மா."

"ஓகே."

ஓகே என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அவள் தன் மேனேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கன்சோல்.

நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மானஸா அதைத் தொலைக்காட்சியின் அடியில் பொருத்திவைத்திருந்தாள். "நோ ட்ரைவர்ஸ், நோ தலைவலி. ப்ளக் பண்ணுங்க, ப்ளே பண்ணுங்க. உங்களுக்கு இதுதான் ஈஸிப்பா."

எனக்கு ஈஸி. மருத்துவக் கருவிகளை இயக்கும் ட்ரைவர் மென்பொருள் எழுதித்தான் இவளைப் படிக்கவைத்தேன்.

மிகவும் நன்றாக இருக்கிறது என்றேன். கேக் வெட்டினேன். புகைப்படங்களில் சிரித்திருக்கிறேன்; பற்கள் தெரிகின்றன.

பிப்ரவரி 3, திங்கள்

அலுவலகம். வீடு. கன்சோலைத் தொடவில்லை.

பிப்ரவரி 5, புதன்

அனந்தலக்ஷ்மி காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கன்சோல் பிடிக்கலைன்னா சொல்லுங்களேன், ரிட்டர்ன் பண்ணிடலாம்."

"பிடிக்கலைன்னு நான் சொன்னேனா?"

"நீங்க எதைத்தான் சொல்லியிருக்கீங்க? உங்க வீட்டுல ஒரு இட்லி கூட வைக்கணும்னா மூணு தடவை கேக்கணும். எனக்குப் பழகிப்போச்சு. அவ இங்க பொறந்தவ. வேண்டாம்னா வேண்டாம்தான் அவளுக்கு."

முதல் மறுப்பு மரியாதை. இரண்டாவது, கேட்பவர் மனத்தை அறிவதற்கு. மூன்றாவது முறையும் கேட்டால் மனமாரத்தான் தருகிறார்கள் என்று பொருள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். கேட்டவுடன் கையை நீட்டுகிறவனை எங்கள் வீட்டில் என்னவென்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். இதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. மகளுக்கு நான் கற்பித்திருக்க வேண்டுமா? எதை, மூச்சு விடுவதையுமா?

பிப்ரவரி 8, சனி

கன்சோலிலும் அதே விளையாட்டு இருக்கிறது. ஆனால் அதில் ஒரே விமானத்தில் இருவர் அமர முடியாது, ஆளுக்கொரு விமானம். சென்னையிலிருந்து கோவைக்குப் பறந்தோம். நஞ்சுண்டனின் விமானம் எனக்கு இடப்புறம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. சேலத்துக்கு மேல் மேகத்துக்குள் போய்விட்டது.

"என்னடா இது, எதிர்வீட்டுக்காரன் மாதிரி ஜன்னல் வழியா கையை ஆட்டிக்கிட்டு? சரி, அடுத்த வாரம் டல்லாஸ்காரனை உக்கார வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கோ. எனக்கென்ன?"

சிரித்தான். "இது மொதல் தடவை. ரெண்டாவதா கேக்கறேன். வெச்சுக்கட்டுமா?"

"தாராளமா."

"மூணாவது தடவை கேக்க மாட்டேன், பாலு. எனக்கும் வயசாகுதுடா."

துண்டித்துவிட்டான். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. மகளாவது அறியாதவள்; இவன்? அந்த டல்லாஸ்காரனுக்கு வெட்கமே கிடையாதா? ஆசைப்படுகிறான், வாயைத் திறந்து கேட்கிறான் — அவ்வளவுதானா? அவ்வளவு சுலபமாடா எல்லாம்?

பிப்ரவரி 9, ஞாயிறு

மானஸாவை அழைத்தேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"கன்சோலைத் திருப்பிக் குடுத்துடும்மா. எனக்குக் கம்ப்யூட்டர்தான் வேணும். அன்னிக்கும் அதுதான் வேணும்னு இருந்தது."

"வெயிட். அப்புறம் ஏன் நோ சொன்னீங்க?"

"நீ இன்னொரு தடவை கேப்பேன்னு நெனச்சேன்."

"அப்பா! ஐ ஆஸ்க்ட் ட்வைஸ்! எத்தனை தடவை கேக்கணும்?"

"மூணு."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஸோ, சின்ன வயசுல நான் நோ சொன்னப்பல்லாம் நீங்க திரும்பத் திரும்பக் கேட்டீங்களே, அது இதுதானா? ஐ தாட் யூ ஜஸ்ட் டிடின்ட் பிலீவ் மீ."

நம்பவில்லை என்று நினைத்திருக்கிறாள். இத்தனை ஆண்டுகளாக.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். அதற்கு ஒரு முகவரி இல்லாமல் போயிற்று.

பிப்ரவரி 15, சனி

டல்லாஸ்காரன் இன்று என் இருக்கையில்.

மானஸா பாகங்களை வாங்கி வந்திருந்தாள். கேரேஜில் அவற்றைக் கணினியாகப் பொருத்தினோம், அவள் விளக்குப் பிடித்தாள், நான் திருகினேன். "ட்ரைவர்ஸ் நீங்களே இன்ஸ்டால் பண்ணிக்கோங்க, எனக்கு அது பயம்" என்றாள். ஆறு நாட்களாக அவள் கேட்ட மன்னிப்புகளில் இதுதான் நன்றாக இருந்தது.

"சாப்பிடறியா?" என்றேன்.

"வேண்டாம்பா."

அடுத்த கேள்வி நாக்கு வரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். உண்மையாகவே சாப்பிடவில்லை. பசியில்லையாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நஞ்சுண்டனிடம் சொன்னேன்: "அந்த சீட் எனக்கு வேணும்."

"டல்லாஸ்காரன் வருத்தப்படுவானேடா."

"படட்டும்."

மார்ச் 1, சனி

கோவை ஓடுபாதை தெரிந்தது. நஞ்சுண்டன் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.

"லேண்டிங் நீ பண்றியா?" என்றான்.

"பண்றேன்."

இரண்டாவது முறை கேட்பதற்காக மூச்சை இழுத்திருந்தான் போலும்; ஹெட்செட்டில் அது கேட்டது. அதற்குள் நான் சக்கரங்களை இறக்கிவிட்டேன்.