திங்கட்கிழமைச் சல்சா

செப்டம்பர் 9

மோன்ச்சோ, என் கறுப்பா, நீ செத்து நாற்பது நாள். இன்று நம் டாக்கோக் கடையைத் திறந்தேன். இறைச்சி என் கைப்பக்குவம், அது கெடவில்லை. மேலே ஊற்றும் காரச் சட்னி, உன் சல்சாதான், வரவில்லை. செருப்புத் தைக்கும் எலீஹியோ ஒரு கடி கடித்துவிட்டு, "லாலாக்கா, இது சல்சா இல்ல, தக்காளிக்குக் காய்ச்சல்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

செப்டம்பர் 15

எட்டே பேர் வந்தார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

திங்கள்தோறும் சோலூலாவுக்குப் போவாய். உன் அம்மா விட்டுப்போன அம்மியில் சல்சா அரைத்து, ஒரு வாரத்துக்கான வாளியோடு திரும்புவாய். "அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். பொண்டாட்டிகிட்டகூடப் பக்குவம் சொல்லக் கூடாது" என்பாய். பத்தொன்பது வருடம் நம்பினேன். நீ என்னிடம் கேட்டது சாறு பிழிந்த ஆரஞ்சுத் தோல் மட்டும். காயவைத்துக் கட்டிக் கொடுப்பேன்.

அக்டோபர் 4

எலீஹியோ சோலூலாச் சந்தையில் சாப்பிட்டாராம். "அக்கா, உங்க சல்சா அங்க இருக்கு. அச்சு அசல்."

அக்டோபர் 6

போனேன். ஃபெர்மினா என்று ஒருத்தி, அம்மியும் கையுமாக. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"மோன்ச்சோவோட அக்காதானே? அவர் போன்ல படம் பாத்திருக்கேன். வாங்க மதினி. ரெண்டு மாசமா ஆளையும் காணோம், தோலையும் காணோம். மிச்சமிருந்த தோலை வச்சுதான் சல்சா ஓடுது."

அக்கா.

அடுப்புக்குப் பின்னால் உன் பழைய செருப்பு. செத்துட்டான் என்றேன். நான் அவன் பொண்டாட்டி என்றேன். இரண்டும் ஒரே மூச்சில். அவள் எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 7

அம்மாவாம். சத்தியமாம். என் கையாலயே தோலைக் கட்டிக் குடுக்க வச்சியே, பாவி. ஊரே புகழ்ந்தது அவ கைய — நான் பரிமாறினேன்.

அக்டோபர் 20

உன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

நவம்பர் 2

செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். உனக்குப் படையல் கிடையாது என்றுதான் இருந்தேன். விடிந்ததும் கை கேட்கவில்லை. படத்தைத் திருப்பினேன், வாசலிலிருந்து அதுவரை நீ வர சாமந்தி இதழ் தூவினேன்.

மத்தியானம் ஃபெர்மினா வாளியோடு வந்தாள். இதழை மிதிக்காமல் வெளியிலேயே நின்றாள். "எங்கிட்ட அவர் படம்கூட இல்ல."

உள்ள வா என்றேன். படையலில் ஒரு கிண்ணம் அவள் வைத்தாள். மீதியை மேசைகளுக்கு நான் கொண்டுபோனேன்.

எலீஹியோ தொட்டு நக்கிவிட்டு, "வந்துருச்சுக்கா" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "யாரு இவங்க?"

"என் நாத்தனார்" என்றேன்.

மோன்ச்சோ, என்னை அக்கா என்று அவளிடம் சொன்னபோது உனக்குச் சிரிப்பு வந்ததா?