இலண்டன் விண்ணப்பமும் செவ்வாய்க்கிழமை அஷ்டமியும்

மாப்பிள்ளை,

மாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இந்த மாத்தளை ஜில்லாவில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை உனக்கு எழுதப்போகிறேன். நீயும் நம்பவேண்டியதில்லை. செத்துப்போனவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

இன்று காலை ஏலக்காய்ப் பார்சல் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பத் தபால் கந்தோருக்குப் போனேன். உள்ளே யாரோ அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் இரண்டு கால்களும் இரத்தோட்டை மலை அளவுக்குக் கனத்துப்போயின. நாற்பது பேர் வடம் பிடித்துத்தான் என்னை நம் ஏலக்காய்க் கடைக்கு இழுத்து வந்தார்கள். உன் விண்ணப்ப உறைக்கு நீ அரக்கு வைத்த மத்தியானம் நம் கடை முழுக்க வீசியதும் இதே வாசனைதான்.

தபால் வழியாகவே படித்து பி.ஏ. தேறியவன் நீ. அடுத்து சர்வதேச உறவுகளில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்றாய். அப்படி ஒரு படிப்பு உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இலண்டனிலிருந்து நிபந்தனைத் தாள் வந்தது. அதன் ஒரு நுனியைக் கடைவாசலில் பிடித்தால் மறுநுனி ரயில்வே ஸ்டேஷனில் கிடந்தது. சர்வதேசச் சட்டம், இராஜதந்திர வரலாறு, இங்கிலீஷ் தவிர இன்னொரு ஐரோப்பிய மொழி, அங்கேயே தங்கி இரண்டு வருடப் படிப்பு, கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மாதா கோயில் பாதிரியாரிடம் பிரெஞ்சு படிக்கப் போனாய். நீ உருப்போட்ட சத்தத்தில் ஆறே மாதத்தில் கடைத்தெருக் காக்கைகள் பிரெஞ்சில் கரையத் தொடங்கிவிட்டன என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் இரத்தோட்டைக் கங்காணி ஒருவருக்கும் சிங்கள வண்டிக்காரர் ஒருவருக்கும் கடைவாசலில் சண்டை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. நான் நடுவில் நின்று இவர் திட்டியதை அவருக்கு மன்னிப்பாகவும் அவர் திட்டியதை இவருக்கு வாழ்த்தாகவும் மொழிபெயர்த்தேன். இருவரும் ஒன்றாய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நீ ஏலக்காய் மூட்டையில் சாய்ந்து சிரித்தாய்.

“ரெண்டு பக்கமும் பொய் சொல்லியே சேத்து வச்சிட்டீங்களே மாமா. இதப் படிக்கத்தான் நான் கப்பலேறணும்ங்கிறேன்.”

சிரிப்பு அடங்கியதும் உன் குரல் மாறியது. உன் அம்மா, என் அக்கா, வாழ்க்கைப்பட்டது தேயிலைத் தோட்டத்தில். நீ கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து அறையில் பிறந்தவன். “தோட்டத்துச் சனங்கள என்ன செய்யிறதுன்னு இந்தியாவுல ஒரு கூட்டம் பேசுது, கொழும்புல ஒரு கூட்டம் பேசுது. அந்த மேசையில லயத்துல பொறந்தவன் ஒருத்தனாவது இருக்கானா மாமா?” என்று கேட்டாய்.

உறையை ஒரு செவ்வாய்க்கிழமை என் கையில் கொடுத்தாய். வியாழக்கிழமை கொழும்பில் தபால் கப்பல். அன்றைக்கே தபாலில் போடச் சொன்னாய். உன்னைப் பாதிரியாரிடம் அனுப்பிவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். செவ்வாய், அஷ்டமி. புதன், நவமி. வியாழன் தெற்கே சூலம், கொழும்பு தெற்கே. நம் குலத்திலேயே கடல் தாண்டிப் படிக்கப் போகும் முதல் காகிதத்தை ஆகாத நாளில் அனுப்புவேனா? மாரியம்மன் படத்தடியில் வைத்துக் குங்குமப் பொட்டிட்டு, வெள்ளிக்கிழமை கொண்டுபோய்ப் போட்டேன். போட்டாயிற்றா என்று செவ்வாய் மாலையே நீ கேட்டபோது தலையை ஆட்டியிருந்தேன்.

பதில் வந்தது. விண்ணப்பம் ஆறு நாள் பிந்திவிட்டது, அடுத்த வருடம் அனுப்பலாம் என்று எழுதி, நீ அனுப்பியதை உறையோடு திருப்பியிருந்தார்கள். செங்கடலில் ஒரு திமிங்கிலம் கப்பலுக்குக் குறுக்கே படுத்து ஒரு வாரம் தூங்கிவிட்டது என்று நான் அவிழ்த்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. உன்னைத்தான் பிடித்துக்கொண்டாள்: நீதான் சோம்பேறித்தனமாக இருந்திருப்பாய் என்று. நீ உறையைப் புத்தகத்துக்குள் சொருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னாய்:

“கப்பல்தான் லேட்டும்மா. மாமா செவ்வாக்கிழமையே போட்டுட்டாரு.”

அடுத்த வருடம் யுத்தம் வந்துவிட்டது. படிக்கப் போகிறவர்களுக்குக் கப்பலில் இடமில்லை. சும்மா இருக்க முடியாமல் பல்லேகமப் பக்கம் பள்ளிக்கூட வேலைக்குப் போனாய். அங்கே வந்த மலேரியாக் காய்ச்சலோடு உன்னை வண்டியில் மாத்தளைக்கு ஏற்றி வந்தபோது உனக்கு நினைவில்லை. நானும் வண்டியில் இருந்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு புளுகும் வாயில் வரவில்லை.

உன் காரியம் முடிந்தபின் உன் தகரப் பெட்டியைத் திறந்தோம். பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்துக்குள் அந்த உறை இருந்தது. மூலையில் நான் வைத்த குங்குமம். தபால் தலைக்குமேல் மாத்தளைத் தபால் கந்தோர் முத்திரை. அதில் வெள்ளிக்கிழமைத் தேதி, துளியும் கலையாமல்.

நீ அன்றே பார்த்திருக்கிறாய். பார்த்துக்கொண்டே எனக்காக உன் அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறாய், வாழ்நாளில் ஒரே ஒரு பொய். அதற்குப் பிறகும் தினமும் கடைக்கு வந்தாய். திமிங்கிலக் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாய்.

போன மாதம் அக்காவிடம் சொல்லிவிட்டேன் மாப்பிள்ளை. “கப்பல் பிந்தலக்கா. காகிதத்த நான்தான் மூணு நாள் வச்சிருந்தேன்.” அவள் முறத்தைக் கீழே வைத்து என்னைப் பார்த்தாள்.

“செத்த புள்ள விசயத்துலயுமாடா ஒனக்குப் புளுகு? எம்மவன் எங்கிட்டப் பொய் சொல்லமாட்டான்.”

அவள் திரும்பப் புடைக்கத் தொடங்கிவிட்டாள். அந்த உறை என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் என் பேச்சு மெய்யாகும்; உன் பேச்சு பொய்யாகும். அக்காவிடம் இப்போது மிச்சமிருப்பது உன் பேச்சு மட்டுந்தான். வெளியே வந்துவிட்டேன்.

ஊரார் கொடுக்கும் கடிதங்களை இப்போது ராகு காலத்திலும் கொண்டுபோய்ப் போடுகிறேன். சாமி இல்லை என்கிறவன் என்று பெயர் வந்துவிட்டது. இருக்கட்டும்.

கனத்த கால், காக்கையின் பிரெஞ்சு, ஸ்டேஷன் வரை நீண்ட தாள், தூங்கிய திமிங்கிலம், அத்தனையும் புளுகு. அந்த மூன்று நாள் மட்டும் நிஜம்.